33 லட்சம் கன்றுகள் நட்ட சிரிப்பு நாயகன்... மீதி 67 லட்சம் யார் கையில்? - விவேக் எனும் பசுமைக் கலைஞன்!

2021, ஏப்ரல் 17. சென்னை விருகம்பாக்கத்தில் ஒரு வீட்டின் முன்னால் கூட்டம் அலைமோதியது. கொரோனா இரண்டாவது அலை வேகமெடுத்திருந்த நேரம். ஆனாலும் மாஸ்க் போட்ட முகங்களோடு ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு சினிமா நட்சத்திரத்தின் இறுதி ஊர்வலத்தில் மாலைகளையும் கட்-அவுட்களையும் பார்த்திருப்போம். அன்று வேறொரு காட்சியும் சேர்ந்துகொண்டது. வந்தவர்களில் பலரின் கைகளில் மரக்கன்றுகள்!

முப்பது வருடங்களுக்கும் மேலாக நம்மைச் சிரிக்கவைத்த நடிகர் விவேக்குக்கு, அதைவிடப் பொருத்தமான அஞ்சலி இருக்க முடியாது. 200-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனால், கடைசி நாளில் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் நட்ட மரங்கள்தான். காமெடியில் உச்சத்தில் இருந்த ஒருவர், மரம் நடக் கிளம்பியது எப்படி? அவர் தொடங்கிய கணக்கு இப்போது எங்கே நிற்கிறது?

கோட்டையில் வேலை... மாலையில் காமெடி!

விவேக்கின் முழுப்பெயர் விவேகானந்தன். 1961, நவம்பர் 19 அன்று பிறந்தவர். கோவில்பட்டியில் பிறந்த அவருக்குப் பூர்வீகம், சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் பெருங்கோட்டூர் கிராமம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் படித்தார். படிப்பு முடிந்ததும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் ஆசைப்படுகிற அரசு வேலை கிடைத்தது. சென்னை தலைமைச் செயலகத்தில் ஊழியர்.

பகலில் கோட்டையில் ஃபைல்கள். மாலையில் மெட்ராஸ் ஹியூமர் கிளப்பில் சிரிப்பு. மேடை ஏறி யார் வேண்டுமானாலும் ஜோக் சொல்லலாம் என்ற அந்த கிளப்பில், மதுரைக் குசும்போடு பேசிய இளைஞரைக் கூட்டம் கவனிக்கத் தொடங்கியது. ஹியூமர் கிளப்பை நடத்திவந்த பி.ஆர்.கோவிந்தராஜன், அவரை இயக்குநர் கே.பாலசந்தரிடம் அறிமுகப்படுத்தினார். புதுமுகங்களைக் கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற பாலசந்தர், 1987-ல் வெளியான 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் சுஹாசினியின் தம்பிகளில் ஒருவராக அவரை நடிக்கவைத்தார். அடுத்து 'புதுப்புது அர்த்தங்கள்' (1989), 'ஒரு வீடு இரு வாசல்' (1990) என்று குருநாதரின் படங்களிலேயே வரிசையாக வாய்ப்புகள்.

அதற்காக ஒரே ராத்திரியில் ஸ்டார் ஆகிவிடவில்லை. தொண்ணூறுகளில் கவுண்டமணி - செந்தில், அடுத்து வடிவேலு என்று பெரிய பெரிய ஜாம்பவான்கள் களத்தில் இருந்த நேரம். ரஜினியின் 'வீரா' மாதிரியான படங்களில் கிடைத்த வேடங்களைச் செய்துகொண்டு பொறுமையாகக் காத்திருந்தார் விவேக். 'காதல் மன்னன்', 'வாலி' படங்களில் பேசப்பட்டு, 2000-ல் 'குஷி', 'அலைபாயுதே', 'முகவரி' என்று ஒரே வருடத்தில் எங்கு பார்த்தாலும் விவேக் என்கிற நிலை வந்தது. 'மின்னலே', 'ரன்', 'தூள்', 'சாமி', 'பாய்ஸ்', 'அந்நியன்', 'சிவாஜி' என அடுத்த ஏழெட்டு வருடங்களுக்கு அவர் இல்லாத பெரிய படங்களை எண்ணிவிடலாம்.

சிரிப்புக்குள் ஒரு ஊசி!

விவேக்கின் காமெடியில் ஒரு விசேஷம் உண்டு. வயிறு குலுங்கச் சிரித்து முடித்ததும், 'அட, நம்மளைத்தான் சொல்றாரோ?' என்று லேசாக உறுத்தும். லாரி சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கத்தை அவர் கிண்டலடித்த காட்சி, இருபது வருடங்கள் கழித்தும் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'சாமி' படத்தில் சாதிப் பாகுபாட்டைக் கேலி செய்தார். லஞ்சம், மூடநம்பிக்கை, போலிச் சாமியார், மக்கள்தொகை என்று அவர் தொடாத விஷயம் குறைவு. 'ரன்' படத்தில் ஊரிலிருந்து சென்னைக்கு வந்து ஏமாந்துபோகிற அப்பாவியாக அவர் சாப்பிட்ட 'காக்கா பிரியாணி'யை மறந்தவர்கள் இருக்கிறார்களா என்ன?

சிரிப்பின் வழியாகச் சமூகத்துக்குச் சேதி சொன்ன முன்னோடி, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அதே பாதையில் நடந்ததால்தான் விவேக்குக்கு 'சின்னக் கலைவாணர்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. 'காமெடி சீனில் கருத்து எதுக்கு?' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால், விருதுகள் தேடி வந்தன. 'உன்னருகே நான் இருந்தால்', 'ரன்', 'பார்த்திபன் கனவு', 'அந்நியன்', 'சிவாஜி' என ஐந்து படங்களுக்குத் தமிழக அரசின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருது. 2009-ல் பத்மஸ்ரீ.

இதற்குமேல் ஒரு நகைச்சுவை நடிகருக்கு என்ன வேண்டும்? பலர் இந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். விவேக்குக்கோ, இரண்டாவது வாழ்க்கை இங்கேதான் ஆரம்பமானது.

கலாம் கொடுத்த ஹோம்வொர்க்!

முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம் மீது விவேக்குக்கு அளவில்லாத பக்தி. தொலைக்காட்சிக்காக அவரைப் பேட்டி எடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது. அந்தப் பழக்கத்தில் கலாம் அவரிடம் வைத்த வேண்டுகோள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது. அதற்கு எளிய மருந்து மரம். உங்கள் பேச்சை மாணவர்கள் கேட்பார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு மரம் நடுங்கள்... இதுதான் சாரம்.

கலாம் எதையும் கணக்கோடு பேசுகிறவர். வளர்ந்த ஒரு மரம், ஒரு வருடத்தில் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்ஸைடை உள்வாங்கிக்கொண்டு 14 கிலோ ஆக்ஸிஜனைத் தருகிறது என்பது அவர் மேடைக்கு மேடை மாணவர்களுக்குச் சொன்ன கணக்கு. மாணவர்களை அவர் எடுக்கச் சொன்ன உறுதிமொழியிலும் மரக்கன்றுகள் உண்டு. அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'நடுவேன்' என்பதோடு அந்த வரி முடியாது. தொடர்ந்து கவனித்து அதன் வளர்ச்சியை உறுதிசெய்வேன் என்றும் சேர்ந்தே வரும்.

2010-ல் 'கிரீன் கலாம்' திட்டம் பிறந்தது. இலக்கு, ஒரு கோடி மரங்கள்!

யோசித்துப் பாருங்கள். ஒரு கோடி என்பதைச் சொல்வது சுலபம். கன்று வேண்டும், குழி வேண்டும், இடம் வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஒரு தனி மனிதர் இதைச் செய்ய முடியுமா? விவேக் கையிலெடுத்தது தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆயுதத்தை. மேடை! பள்ளி, கல்லூரி விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டால் மரக்கன்றும் கூடவே வரும். மாணவர்களை அரை மணி நேரம் சிரிக்கவைப்பார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னால் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார். புவி வெப்பமயமாதல் என்று ஒரு பேராசிரியர் பேசினால் தூங்கிவிடுகிற கடைசி பெஞ்ச்கூட, விவேக் பேசினால் எழுந்து வந்து குழி தோண்டியது.

2021-ல் அவர் மறைந்தபோது எண்ணிக்கை 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட 11 வருடங்களில் 33 லட்சம் என்றால், வருடத்துக்கு 3 லட்சம். ஒரு நாளைக்கு 800 கன்றுகளுக்கு மேல்! ஷூட்டிங், டப்பிங், குடும்பம் என எல்லாவற்றுக்கும் நடுவில் இப்படி ஒரு சராசரி என்பது மலைக்கவைக்கும் விஷயம்.

இடி விழுந்த வருடம்

2015, விவேக்கின் வாழ்க்கையில் கறுப்பு வருடம். ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களுக்கு மத்தியில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே மயங்கிச் சரிந்து உயிரிழந்தார் கலாம். வழிகாட்டியை இழந்த துக்கம் ஆறவே இல்லை. அதே வருடம் அக்டோபர் மாதம், மூளைக் காய்ச்சலால் தன் 13 வயது மகனைப் பறிகொடுத்தார் விவேக்.

ஊரையே சிரிக்கவைக்கிற மனிதரின் வீட்டில் இப்படியொரு இடி. எந்தத் தகப்பனையும் முடக்கிப்போட இது போதும். விவேக்கும் உடைந்துதான் போனார். ஆனால், அங்கேயே நின்றுவிடவில்லை. மீண்டும் பள்ளிக்கூட மைதானங்களுக்கு வந்தார். மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று அவர்களைச் சிரிக்கவைத்து, அவர்கள் கையில் கன்றுகளைக் கொடுத்தார். குருவுக்குக் கொடுத்த வாக்கு அவரை நடக்கவைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மரத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019, ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. அதற்கான விழிப்புணர்வுப் பிரசாரத்தில் அரசு முன்னிறுத்திய முகங்களில் விவேக்கும் ஒருவர். மஞ்சப்பையும் வாழையிலையும் நம் தாத்தா பாட்டி காலத்து வழக்கம்தானே என்று ஜனங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல அவரைப்போல ஆள் வேண்டுமே!

நடிப்பிலும் ஆள் மாறியிருந்தார். 'நான்தான் பாலா' படத்தில் கோயில் அர்ச்சகராக, 'வெள்ளைப் பூக்கள்' படத்தில் அமெரிக்காவில் துப்புத் துலக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியாக என்று கதை நாயகனாக அழுத்தமான வேடங்கள். 'வேலையில்லா பட்டதாரி', 'பிகில்', 'தாராள பிரபு' எனப் புதிய தலைமுறைக்கும் அவர் நெருக்கமாகவே இருந்தார்.

நட்டதெல்லாம் மரமாகுமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். 33 லட்சம் நட்டார் சரி. எத்தனை உயிரோடு இருக்கின்றன?

நியாயமான கேள்வி. மரம் நடும் விழா என்றாலே நம் ஊரில் ஒரு படம் கண்முன் வரும். வி.ஐ.பி வருவார், கன்றைத் தொடுவார், பூவாளியில் தண்ணீர் ஊற்றுவார், போட்டோ எடுப்பார்கள். மறுவாரம் அந்த இடத்தில் ஆடு நின்றுகொண்டிருக்கும். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த வி.ஐ.பி! எந்த இயக்கத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. லட்சக்கணக்கில் நடும்போது எல்லாமே மரமாகிவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2016, டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. நிழலுக்கும் அழகுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் சாலையெங்கும் விழுந்து கிடந்தன. எந்த மரத்தை எங்கே நடுகிறோம், வேர் இறங்க இடம் விடுகிறோமா என்பதெல்லாம் எண்ணிக்கையைவிட முக்கியம் என்பதை நகரம் அன்று புரிந்துகொண்டது.

அதனால்தான் விவேக் மாணவர்களைத் தேர்ந்தெடுத்த விஷயம் கவனிக்கத்தக்கது. பள்ளி வளாகத்தில் நட்ட கன்றுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, தண்ணீர் உண்டு, 'இது என் மரம்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பிள்ளையும் உண்டு. நடுகிறவர் ஒரு நிமிடம் நிற்பார்; வளர்க்கிறவர்தான் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். கலாமின் உறுதிமொழியில் இருந்த இரண்டாவது பாதி இதுதான்.

கடைசி இரண்டு நாள்கள்

2021, ஏப்ரல் 15. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார் விவேக். ஊசி பற்றிய பயம் ஊரெல்லாம் பரவியிருந்த நேரத்தில், 'நானே போட்டுக்கொண்டேன், நீங்களும் வாருங்கள்' என்று மக்களுக்குக் காட்டுவதற்காகவே அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் காலை, வீட்டில் மயங்கி விழுந்தார். வடபழனியில் உள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு. எக்மோ கருவி பொருத்தப்பட்டும், ஏப்ரல் 17 அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 59.

ஊசியால்தான் இறந்தார் என்று அப்போது வாட்ஸ்அப்பில் தீயாகப் பரவியது. மருத்துவர்கள் அன்றே மறுத்தார்கள். பிறகு ஆராய்ந்த தேசிய அளவிலான நிபுணர் குழுவும், அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே முடிவு சொன்னது. மூடநம்பிக்கையையும் வதந்தியையும் வாழ்நாளெல்லாம் கிண்டலடித்தவரின் மரணமே வதந்திக்குத் தீனியானதுதான் சோகம்.

சட்டமன்றத் தேர்தல் முடிந்து முடிவுகளுக்காகக் காத்திருந்த நேரம் அது. நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் தேர்தல் ஆணையத்தின் அனுமதியோடு காவல்துறை மரியாதை அறிவிக்கப்பட்டது. குண்டுகள் முழங்க விடைகொடுத்தது தமிழகம். அவருடைய அஸ்தி, பெருங்கோட்டூர் மண்ணில் வைக்கப்பட்டு அங்கேயும் மரக்கன்றுகள் நடப்பட்டன. 2022, மே மாதம் அவர் வாழ்ந்த விருகம்பாக்கம் பகுதியின் சாலைக்கு 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயர் சூட்டப்பட்டது. குடும்பத்தினர் முதல்வரைச் சந்தித்து வைத்த கோரிக்கை அது. 2024-ல் 'இந்தியன் 2' வெளியானபோது, திரையில் அவர் முகம் வந்ததும் தியேட்டர்களில் எழுந்த கைத்தட்டலில் கொஞ்சம் கண்ணீரும் கலந்திருந்தது.

நீங்களும் நடலாம்... இதைக் கவனியுங்கள்!

* பருவமழைக்குச் சற்று முன்போ, மழை தொடங்கியதுமோ நடுவது நல்லது. முதல் சில மாதங்களுக்குத் தண்ணீர்க் கவலை குறையும்.

* இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்புங்கள்.

* கன்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பையைக் கட்டாயம் கிழித்து எடுத்துவிட வேண்டும். வேரைப் பிடித்திருக்கும் மண் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். ஆடு, மாடு வராதபடி முள்ளோ கூண்டோ அவசியம்.

* வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை ஆகியவை நம் மண்ணுக்குப் பழகியவை. அரசும் ஆலும் அருமையான மரங்கள்தான். ஆனால், வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். பரந்த இடத்தில் வையுங்கள்.

* மேலே மின்கம்பி போகிற இடத்தில் உயரமாக வளரும் மரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

* முதல் இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதுவரை தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெயரைக் கன்றுக்கு வைத்தால், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்!

மீதிக் கணக்கு

தமிழகத்தின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்தும் இலக்கோடு 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது தமிழக அரசு. அரசாங்கம் தன் அளவில் செய்யட்டும். விவேக்கின் கணக்கு வேறு. அது ஜனங்களின் கணக்கு.

ஒரு கோடியில் 33 லட்சம் போக மீதி 67 லட்சம். தமிழகத்தில் இருக்கும் ரேஷன் கார்டுகள் இரண்டு கோடிக்கும் மேல். மூன்று கார்டுக்கு ஒரு கன்று என்று வைத்தாலே கணக்கு முடிந்துவிடும். மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே ஒரு மரம்! தண்ணீர் ஊற்ற முறைபோட்டுக்கொண்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள்தான் ஒரு வீட்டுக்கு வரும்.

அடுத்த முறை யூடியூபில் விவேக் காமெடி பார்த்துச் சிரித்து முடித்ததும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிப் பாருங்கள். அந்த மனிதர் மேடையில் செய்ததும் அதுதான். முதலில் சிரிப்பு... அடுத்து மண்வெட்டி!